ஆடிட்டர் அலுவலகத்து மூலை சர்வர்: விண்டோஸ், லினக்ஸ் ஒப்பீடு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொங்குப் பகுதியில் நடுத்தரமான ஓர் ஊர். கீழே ஆடிட்டர் அலுவலகம், மாடியில் அவருடைய வீடு. அலுவலகத்தில் ஏழு கம்ப்யூட்டர்கள். எல்லாமே இன்டெல் ஆறாம் தலைமுறை பிராசஸர், 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 ப்ரோ. மூலையில் இருந்த எட்டாவதை எல்லோரும் சர்வர் என்று அழைத்தார்கள். அதுவும் சாதாரண டெஸ்க்டாப்தான். ரேம் மட்டும் 8 ஜிபி. கணக்கு மென்பொருளின் டேட்டாவும் வாடிக்கையாளர்களின் ஸ்கேன் ஆவணங்களும் அதில் இருந்தன. மற்ற ஏழும் நெட்வொர்க் வழியாக அங்கே போய் வேலை செய்தன. போதாததற்கு, வரவேற்பில் இருக்கும் பெண் அதே கம்ப்யூட்டரில் மெயில் பார்ப்பார், பிரிண்ட் எடுப்பார்.

2025 கோடையில் புகார்கள் முற்றின. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு டீ குடித்து வந்தாலும் தயாராக இருக்காது. சர்வர் பட்டப்பகலில் தானாக அணைந்து எழும். எழுந்த பிறகு ஏதாவது ஒரு கம்பெனியின் டேட்டா திறக்காது, பழுது பார்க்கச் சொல்லும். "சார், 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் வந்தாலே பயமா இருக்கு" என்றார், நெடுங்காலமாக அங்கே இருக்கும் கணக்காளர் அக்கா. ஜிஎஸ்டி படிவங்களின் கெடு அந்தத் தேதிகளில்தான்.

இதற்கு மேல் இன்னொரு நெருக்கடி. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடியவிருந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையில் இருந்துதான் அதிகாரபூர்வப் பட்டியல் தொடங்குகிறது. ஆக, எட்டு கம்ப்யூட்டர்களும் பட்டியலுக்கு வெளியே.

மாடியில் ஆடிட்டரின் மகன் பொறியியல் படிக்கிறார், லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஒரு வகை) பயன்படுத்துகிறார். "அப்பா, என் சிஸ்டத்தை ரெண்டு மாசமா ரீஸ்டார்ட் பண்ணவே இல்லை. ஒரு தடவைகூட ஹேங் ஆகலை. கீழே எல்லாத்தையும் லினக்ஸுக்கு மாத்திடலாம்" என்பது அவர் வாதம். எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று பார்த்துச் சொல்லும்படி என்னையும் என் சக ஊழியரையும் ஆடிட்டர் கூப்பிட்டார்.

முதலில் மாடி, பிறகு கீழே

மகனின் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தோம். பிராசஸர் கீழே இருப்பதைப் போன்றதேதான். ஆனால் ரேம் 8 ஜிபி, உள்ளே எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத டிஸ்க். அவர் ஒப்பிட்டது லினக்ஸையும் விண்டோஸையும் மட்டும் அல்ல, எஸ்எஸ்டியையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துத்தான். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க், அங்கங்கே சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளை நொடிக்கு ஏறக்குறைய நூறு முறைதான் எடுத்துத் தர முடியும். மலிவான சாட்டா எஸ்எஸ்டிகூட பல்லாயிரம் முறை தரும். காலையில் விண்டோஸ் எழும்போது ஆன்டிவைரஸ், தேடல் அட்டவணை, அப்டேட் எல்லாம் ஒரே நேரத்தில் டிஸ்க்கைக் கேட்கின்றன. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றதற்குக் காரணம் அது.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுவது எளிது. அலுவலகக் கம்ப்யூட்டர் ஒன்றின் டிஸ்க்கை அப்படியே ஓர் எஸ்எஸ்டிக்கு நகல் எடுத்துப் பொருத்தினோம். விண்டோஸ் அதேதான், ஒரு கோப்பும் மாறவில்லை. இன்னொரு கம்ப்யூட்டரில், உதிரி ஹார்ட் டிஸ்க் ஒன்றில், லினக்ஸ் மின்ட் போட்டோம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து மகனையே இயக்கச் சொன்னோம். எஸ்எஸ்டியில் இருந்த விண்டோஸ் எளிதாக முந்தியது. ஹார்ட் டிஸ்க்கில் இருந்த லினக்ஸ், ஹார்ட் டிஸ்க்கில் இருந்த விண்டோஸைவிடக் கொஞ்சம் சீக்கிரம் கைக்கு வந்தது உண்மை. பின்னணியில் அது செய்யும் வேலை குறைவு. ஆனால் பிரவுசரைத் திறந்ததும் அதுவும் அதே டிஸ்க்குக்காகக் காத்து நின்றது.

4 ஜிபி ரேமில் இரண்டின் குணமும் வேறாக இருந்தது. பிரவுசரில் நிறையப் பக்கங்களைத் திறந்து வேண்டுமென்றே நெருக்கினோம். விண்டோஸ் நினைவகத்தைச் சுருக்கி வைத்தும் ரேமுக்குத் துணையாக டிஸ்க்கில் இருக்கும் பேஜ் கோப்பைப் பெரிதாக்கியும் இழுத்துக்கொண்டு போனது. தாமதம் எரிச்சலூட்டியது, ஆனால் மவுஸ் நகர்ந்தது. லினக்ஸ் ஓரளவுக்கு மேல் போனதும் மொத்தமாக உறைந்தது. கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) ஏதாவது ஒரு நிரலைக் கொன்று இடம் உண்டாக்கும்வரை திரை அசையவில்லை. லினக்ஸ் டெஸ்க்டாப்பின் பழைய பலவீனம் இது. மகனுக்கு இது புதுச் செய்தி. 8 ஜிபியில் அவர் அந்த எல்லையைத் தொட்டதே இல்லை.

இதே சோதனையில் ஒரு பொய் பயமும் தீர்ந்தது. லினக்ஸில் காலி நினைவகம் மிகக் குறைவாகக் காட்டியதைப் பார்த்து ஒரு ஊழியர் பதறினார். படித்த கோப்புகளை லினக்ஸ் சும்மா கிடக்கும் ரேமில் வைத்துக்கொள்ளும், யாராவது கேட்டால் விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது கிடைக்கக்கூடிய அளவு எவ்வளவு என்ற எண்ணைத்தான். விண்டோஸும் இதையே செய்கிறது, கணக்கைக் காட்டும் விதம்தான் வேறு.

எத்தனை நாள் ஓடியது என்ற பெருமை

நிலைத்தன்மை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எத்தனை நாள் ரீஸ்டார்ட் இல்லாமல் ஓடியது என்ற கணக்குதான் முதலில் வருகிறது. அதை நம்பலாமா என்று இரண்டு பக்கமும் பார்த்தோம்.

கீழே, "நாங்க தினமும் ஆஃப் பண்ணிட்டுத்தான் போறோம்" என்றார்கள். டாஸ்க் மேனேஜரோ வாரக்கணக்கில் ஓடுவதாகக் காட்டியது. இருவர் சொல்வதும் சரிதான். விண்டோஸ் 10இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், ஷட் டவுன் கொடுக்கும்போது கெர்னல் டிஸ்க்கில் தூங்கப்போகிறது. மறுநாள் அதே கெர்னல்தான் எழுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் உண்மையில் புதிதாகத் தொடங்கும். தினமும் அணைத்தும் பழைய கோளாறு போகாமல் இருந்ததற்கு இது ஒரு காரணம்.

மேலே, மகனின் இரண்டு மாதமும் உண்மை. ஆனால் அந்த இடைவெளியில் புதிய கெர்னல்கள் பாதுகாப்புத் திருத்தங்களோடு வந்து டிஸ்க்கில் இறங்கியிருந்தன. ரீஸ்டார்ட் செய்யாததால் ஓடிக்கொண்டிருந்தது பழைய கெர்னல். நீண்ட நாள் ஓடியதில் பாதி, தள்ளிப்போட்ட பராமரிப்பு. வீட்டுக் கம்ப்யூட்டரில் இதனால் பெரிய நஷ்டம் வராது. பலருடைய வரிக் கணக்கு இருக்கும் சர்வரில் அப்படி விட முடியாது.

(பழைய கதை ஒன்று: விண்டோஸ் 95, 98 இரண்டும் 49.7 நாள் தொடர்ந்து ஓடினால் உறைந்துபோகும். மில்லிநொடியை எண்ணும் 32 பிட் எண் அங்கே நிரம்பிவிடும். 1999இல்தான் அதற்குத் திருத்தம் வந்தது. அத்தனை நாள் தாக்குப்பிடித்தவர்கள் மிகக் குறைவு என்பதால்தான் பலருக்கு அது தெரியவே இல்லை.)

சர்வரின் பதிவேடு

சர்வருக்கு வந்தோம். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் மூன்று எண்களை மட்டும் பிரித்தெடுத்தோம். 1074 என்றால் யாரோ அல்லது ஏதோ ஒரு நிரல் முறைப்படி ரீஸ்டார்ட் கேட்டது. 6008, கெர்னல்-பவர் 41 ஆகியவை முறையாக மூடாமல் திடீரென்று நின்றதைக் குறிக்கும். இரண்டு வகையும் இருந்தன, ஆனால் நேரம் வேறு. 1074 எல்லாம் நள்ளிரவைத் தாண்டி, அப்டேட்டுக்காக. 41 எல்லாம் பகலில்.

இங்கே அக்காவின் டைரி கைகொடுத்தது. கரண்ட் போனது, வந்தது, சர்வர் நின்றது எல்லாவற்றையும் அவர் தன் பழக்கத்துக்குக் குறித்து வைத்திருந்தார். பகல் நேர 41 ஒவ்வொன்றும் அவர் குறித்த மின்தடையோடு பொருந்தியது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலை 9 மணிக்கு நிறுத்தும் நாட்களில் பதிவும் 9 மணியை ஒட்டியே இருந்தது. யூபிஎஸ் இருந்ததே என்றால், அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. வீட்டு இன்வெர்ட்டர் தாங்கிக்கொள்ளும் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். அந்த இன்வெர்ட்டரின் ஸ்விட்ச் "நார்மல்" பக்கம் இருந்தது. அப்படி இருந்தால் கரண்டில் இருந்து பேட்டரிக்கு மாறச் சற்று அதிக நேரம் எடுக்கும். ஃபேன், லைட்டுக்கு அது தெரியாது. கம்ப்யூட்டர் விழுந்துவிடும்.

அடுத்து டிஸ்க். டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் 5ஆம் எண், அதாவது மாற்றப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்), பூஜ்ஜியத்தைத் தாண்டியிருந்தது. 197ஆம் எண், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், அதுவும் பூஜ்ஜியம் இல்லை. டிஸ்க் மெல்லச் செத்துக்கொண்டிருந்தது. இதைப் பார்த்ததும் மற்ற சோதனைகளை நிறுத்திவிட்டு, டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல் கொண்டு முழு டிஸ்க்கையும் நகல் எடுத்தோம். படிக்க முடியாமல் போன இடங்கள் எந்தக் கோப்புகளில் விழுந்தன என்று தேடியதில், அடிக்கடி பழுதான கம்பெனிகளின் டேட்டாவும் அதில் இருந்தது. ரேமை ஓர் இரவு முழுக்க மெம்டெஸ்ட் போட்டுப் பார்த்தோம், பிழை இல்லை.

மெதுவான நெட்வொர்க்குக்கு வேறு காரணம் கிடைத்தது. மேசைக்கு அடியில் இருந்த ஸ்விட்ச் 100 மெகாபிட் வகை. நொடிக்கு 12 எம்பிக்கு மேல் எந்த ஆபரேட்டிங் சிஸ்டமும் அதன் வழியாகக் கொண்டுபோக முடியாது.

ஒரு வாக்குவாதம்

இதையெல்லாம் ஆடிட்டரிடம் சொன்னபோது மகன் விடவில்லை. 2024 ஜூலை 19ஐ நினைவூட்டினார். ஒரு பாதுகாப்பு மென்பொருளின் கோளாறான அப்டேட்டால் உலகம் முழுக்க ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் விழுந்தன, விமானங்கள் நின்றன. அது நியாயமான உதாரணம்தான். கெர்னலுக்குள் ஓடும் வெளியார் நிரல் விழுந்தால் மொத்தமும் விழும். அதே வகை ஆபத்து லினக்ஸிலும் உண்டு. 2012 ஜூன் 30 நள்ளிரவு உலக நேரத்தில் ஒரு லீப் நொடி (கடிகாரத்தைப் பூமியின் சுழற்சியோடு ஒட்டவைக்கும் கூடுதல் நொடி) சேர்த்தார்கள். லினக்ஸ் கெர்னலின் கடிகாரப் பகுதியில் இருந்த பிழையால் பல நிறுவனங்களின் சர்வர்களில் பிராசஸர் உச்சத்துக்குப் போய் சேவைகள் முடங்கின. இந்த மாதிரி உதாரணங்களை மாற்றி மாற்றி அடுக்கலாம், ஆனால் இந்த அலுவலகத்தின் சர்வர் ஏன் நிற்கிறது என்பதற்கு அவற்றில் பதில் இல்லை என்றேன். ஆடிட்டர் சிரித்துவிட்டு, "சரி, பதிவேட்டுல இருக்கிறதை வெச்சே முடிவெடுப்போம்" என்றார்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு மின்சாரமும் டிஸ்க்கும். இன்வெர்ட்டரை யூபிஎஸ் நிலைக்கு மாற்றினோம். சர்வருக்கு யூஎஸ்பி இணைப்புள்ள புதிய யூபிஎஸ் வாங்கினோம். லேசர் பிரிண்டரை அதில் மாட்டக் கூடாது என்று எழுதி ஒட்டினோம். டோனரை உருக்கி ஒட்டும் ஃபியூசரைச் சூடாக்கும்போது அது இழுக்கும் கரண்டில் சின்ன யூபிஎஸ் கவிழ்ந்துவிடும். ஸ்விட்ச்சை கிகாபிட்டாக மாற்றினோம்.

இவ்வளவும் செய்த பிறகுதான் ஆபரேட்டிங் சிஸ்டம் பற்றிய கேள்விக்கு அர்த்தம் வந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பொதுவாக இது தலைகீழாக நடக்கிறது. செத்துக்கொண்டிருந்த அந்த டிஸ்க்கில், அந்தக் கரண்டில், லினக்ஸ் போட்டிருந்தாலும் டேட்டா போயிருக்கும். விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ்ஸும் லினக்ஸின் இஎக்ஸ்டி4ம் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றங்களின் குறிப்பேடு) வைத்திருப்பது உண்மை. ஆனால் வழக்கமான அமைப்பில் அது காப்பது கோப்பு முறையின் கட்டமைப்பை. பாதி எழுதிய கணக்குப் பதிவை முழுசாக்கித் தராது.

அதே சர்வர் பெட்டியில் புதிய எஸ்எஸ்டி போட்டு, ஒரு முறை விண்டோஸ் 10, ஒரு முறை டெபியன் 12 (இன்னொரு லினக்ஸ் வகை) என்று மாற்றி ஓட்டினோம். பின்னால் எது இருக்கிறது என்று ஊழியர்களிடம் சொல்லவில்லை. பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது இரண்டுமே நொடிக்கு 110 எம்பி அளவில் நெட்வொர்க்கின் உச்சத்தைத் தொட்டு நின்றன. கணக்கு மென்பொருளில் எது எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வேகத்தை வைத்து முடிவெடுக்க ஒன்றும் இல்லை என்பது தெளிவானது.

சர்வருக்கு டெபியனைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணங்கள். ஷேர் கொடுப்பது மட்டுமே அதன் வேலை, திரையே வேண்டாம். திரை இல்லாவிட்டால் அங்கே உட்கார்ந்து மெயில் பார்க்கவும் முடியாது (வரவேற்பில் இருந்த பெண்ணுக்குத் தனிக் கம்ப்யூட்டர் ஒதுக்கியாயிற்று). பாதுகாப்புத் திருத்தங்களை அது தானாக இறக்கிக்கொள்ளும், ஆனால் நாம் சொல்லாமல் ரீஸ்டார்ட் ஆகாது. டெபியன் 12 வெளியானது 2023 ஜூனில். நீண்டகால ஆதரவையும் சேர்த்தால் 2028 ஜூன் வரை திருத்தங்கள் வரும். விண்டோஸ் 10இலேயே தொடர்வதில் இணைப்பு எண்ணிக்கை தடையில்லை. ஒரே நேரத்தில் 20 இணைப்பு என்பது அதன் வரம்பு, இங்கே இருப்பது எட்டு. ஆதரவு முடிவதுதான் சிக்கல். விண்டோஸ் சர்வர் வாங்கலாம், ஆனால் சாதாரணப் பதிப்புக்குப் பயனர் உரிமங்கள் தனியாக வேண்டும். 25 பேர் வரை அந்த உரிமம் கேட்காத எசென்ஷியல்ஸ் பதிப்பு புதிய சர்வர் பெட்டியோடு சேர்த்துத்தான் விற்பனைக்கு வருகிறது. ஒரு ஃபோல்டரை ஷேர் செய்ய அவ்வளவு செலவு தேவையில்லை என்று ஆடிட்டர் சொன்னார்.

வேறு வேறு கம்பெனியின் இரண்டு எஸ்எஸ்டிகளை ரேய்டு 1இல், அதாவது இரண்டிலும் ஒரே டேட்டா இருக்கும்படி, இணைத்தோம். பேக்கப் தனி: இரவில் வெளி டிஸ்க்குக்கு நகல், வாரம் ஒருமுறை டிஸ்க்கை மாற்றி ஒன்றை மாடியில் வைப்பது. லினக்ஸில் இருந்து விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஷேர் கொடுக்கும் சாம்பாவில், கணக்கு டேட்டா ஷேருக்கு மட்டும் ஓப்லாக் என்ற வசதியை நிறுத்தினோம். அது இயங்கினால் ஊழியரின் கம்ப்யூட்டர் கோப்பைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மெதுவாக எழுதும். வேகம் கூடும், ஆனால் நடுவில் அந்தக் கம்ப்யூட்டர் நின்றால் எழுதியது போய்விடும். பலர் ஒரே கோப்பைத் திறக்கும் இடத்தில் அந்த வேகம் வேண்டாம்.

ஊழியர்களின் ஏழு கம்ப்யூட்டர்களுக்கும் எஸ்எஸ்டியும் கூடுதல் ரேமும் போட்டு விண்டோஸிலேயே வைத்தோம். ஒன்றை மட்டும் மகனின் ஆசைக்கு லினக்ஸ் மின்டில் சோதனைக்கு விட்டோம்.

என்ன நடந்தது

லினக்ஸ் டெஸ்க்டாப் சோதனை நிலைக்கவில்லை. வேகத்தில் குறையே இல்லை. தமிழ் தட்டச்சும் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போனது. தமிழ்99 விசைப்பலகை ஐபஸ் என்ற தட்டச்சு நிரல் வழியாக உடனே வேலை செய்தது. பாமினி எழுத்துருவில் இருந்த பழைய கடிதங்களும் தெரிந்தன, ஏனென்றால் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு அது. தனி கீபோர்டு மென்பொருள் கேட்கும் வேறு பழைய எழுத்துருக்களில் மாட்டிக்கொண்டது. கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுவது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை ஒரு நாள் ஏற்கும், மறுநாள் ஏற்காது. பிரிண்டரோ, பக்கத்தை வரைந்து தரும் வேலையைக் கம்ப்யூட்டரின் டிரைவரிடமே விட்டுவிடும் மலிவு வகை. லினக்ஸ் டிரைவர் பெயருக்கு இருந்தது. ஒரு 20ஆம் தேதி மாலை அந்த ஊழியர் எழுந்து பக்கத்து சீட்டுக்குப் போய் வேலையை முடித்தார். மறுநாள் விண்டோஸை மீட்டோம்.

சர்வர் பக்கம் இரண்டு சிக்கல்கள் வந்தன. இரண்டும் எங்கள் சோதனையில் தெரியாதவை.

பழைய ஆவணங்களை நகலெடுக்கும்போது சில கோப்புகள் பெயர் நீளம் என்று சொல்லி நின்றன. எல்லாம் தமிழ்ப் பெயர் கொண்டவை. வாடிக்கையாளர் பெயர், ஊர், சர்வே எண், பத்திர விவரம் என்று அக்கா முழு வரியையே கோப்புப் பெயராக வைத்திருந்தார். என்டிஎஃப்எஸ் ஒரு பெயருக்கு 255 எழுத்துக்குறி அனுமதிக்கிறது. இஎக்ஸ்டி4 அனுமதிப்பது 255 பைட். லினக்ஸ் பெயர்களை எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் போகிறது, ஆக 85 குறிதான். கி, கூ போன்ற உயிர்மெய்க்கும் புள்ளி வைத்த மெய்க்கும் இரண்டு குறி செலவாகும் என்பதால் நடைமுறையில் ஐம்பது எழுத்து சொச்சத்தில் எல்லை வந்துவிடும். ஆங்கிலத்தில் பெயர் வைப்பவர்கள் எழுதிய வழிகாட்டிகளில் இந்த எச்சரிக்கையை நான் பார்த்ததில்லை. பெயர்களைச் சுருக்கி, விவரத்தை ஃபோல்டர்களாகப் பிரித்தோம். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

இரண்டாவது, ஸ்கேன் ஆவணங்களைச் சேமிக்கும்போது தாமதம். ஒரே ஃபோல்டரில் ஆயிரக்கணக்கில் கோப்புகள் இருந்தன. விண்டோஸுக்குப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு கிடையாது, லினக்ஸுக்கு உண்டு. புதிய கோப்பு ஒவ்வொன்றுக்கும், அதே பெயர் வேறு வடிவில் இருக்கிறதா என்று சாம்பா முழு ஃபோல்டரையும் தேடுகிறது. இந்த ஒரு வேலையில் விண்டோஸே மேல். ஆண்டுவாரியாகப் பிரித்ததும் தாமதம் மறைந்தது.

அடுத்த மாதாந்திர மின்தடை நாளில் சர்வர் விழவில்லை. யூபிஎஸ் பேட்டரி குறைந்ததும் தானே முறைப்படி மூடிக்கொண்டது, கரண்ட் வந்ததும் எழுந்தது. அதன் பிறகு இதை எழுதும்வரை கணக்கு டேட்டா பழுது என்ற புகார் வரவில்லை. அதில் டெபியனுக்கு எவ்வளவு பங்கு, புதிய டிஸ்க்குக்கும் யூபிஎஸ்ஸுக்கும் எவ்வளவு பங்கு என்று கேட்டால், பெரும்பங்கு பின்னவற்றுக்குத்தான் என்பது என் கணிப்பு. நள்ளிரவு ரீஸ்டார்ட் நின்று பேக்கப் தவறாமல் முடிவது மட்டும் முழுக்க ஆபரேட்டிங் சிஸ்டம் மாற்றத்தின் பலன். அதையும் விண்டோஸ் ப்ரோவில் குரூப் பாலிசி என்ற நிர்வாக அமைப்பை வைத்துப் பெரும்பாலும் அடக்கியிருக்கலாம்.

மறுபடி செய்தால் மாற்றுவது

டெஸ்க்டாப்பில் லினக்ஸைச் சோதிக்கும் முன், அந்த மேசையில் மாட்டியிருக்கும் ஒவ்வொரு கருவியையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் டிரைவர் உண்டா என்று பார்த்துவிடலாம். பிரிண்டரும் டோக்கனும் அங்கேயே தெரிந்திருக்கும், ஒரு மாதம் மிச்சம். ரேமையும் எஸ்எஸ்டியையும் ஒரே நாளில் மாற்றாமல் இடைவெளி விட்டால் எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியும். ஸ்மார்ட் எண்களைக் கண்காணித்து மெயில் அனுப்பும் ஏற்பாட்டை இப்போது சர்வரில் மட்டும் வைத்திருக்கிறோம். மற்ற ஏழுக்கும் அது வேண்டும்.

விண்டோஸ் 10க்கான நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்களுக்கு நிறுவனங்கள் முதல் ஆண்டு கம்ப்யூட்டருக்கு 61 டாலர் தர வேண்டும். ஆண்டுதோறும் அது இரட்டிப்பாகும், அதிகபட்சம் மூன்று ஆண்டு. ஆடிட்டர் கணக்குப் போட்டு, முதல் ஆண்டுக்கு மட்டும் கட்டினார். கையெழுத்து டோக்கன் பயன்படும் இரண்டு கம்ப்யூட்டர்களை முதலில் மாற்றுவது, மீதியை 2026 அக்டோபருக்குள் என்பது இப்போதைய திட்டம். மகன் தன் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தார். லினக்ஸ் மின்டில்தான் தொடர்கிறார், அவர் வேலைக்கு அது பொருத்தம்.